வெள்ளைப் பஞ்சு

ரம்ஜான் மாதம், உச்சிவெயில், கடைசி வீட்டில் பம்ப் ஸ்டவ் சீறுகிற சத்தம். கேட்டால் யாருக்குத்தான் கை ஓடும்? ஜெபசீலி தையல் மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டுக் காதைச் சன்னல் பக்கம் கொடுத்தாள்.

மெஷினைச் சன்னலுக்கு நேரே போட்டிருப்பது வெளிச்சத்துக்காக என்றுதான் அவள் சொல்லிக்கொள்வாள். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் கிருஷ்ணப்பன் கட்டி வாடகைக்கு விட்ட ஐந்து வீட்டு வரிசையில் நடு வீடு அவளுடையது. அந்தச் சன்னலில் உட்கார்ந்தால் குழாயடி தெரியும், துணிக்கொடி தெரியும், கோடியில் இருக்கும் பொதுக் கக்கூஸின் தகரக் கதவு தெரியும். இந்த மூன்றும் தெரிந்தால் ஐந்து குடும்பத்தின் சரித்திரமும் தெரிந்த மாதிரிதான். அவள் ஊசியைப் பார்த்துத் தைத்ததைவிடச் சன்னலைப் பார்த்துத் தைத்ததே அதிகம் என்பதற்கு அந்தப் பக்கத்து ஜாக்கெட்டுகள் சாட்சி. ஒரு கை ஏறியிருக்கும், ஒரு கை இறங்கியிருக்கும்.

கடைசி வீடு காத்தூனுடையது. புருஷன் காஜா மொய்தீன் பழைய இரும்பு வியாபாரி. கம்பெனி கம்பெனியாகப் போய்க் கழிவு இரும்பு எடுக்க விடிந்ததும் கிளம்பிவிடுவார். ஒரே மகளைப் பேரிகையில் கட்டிக்கொடுத்தாயிற்று. காத்தூன் ஒரு நோன்பு விட்டதாக நாலைந்து வருஷமாகச் சன்னலுக்குத் தகவல் இல்லை. அப்படியென்றால் அந்த ஸ்டவ் யாருக்காக எரிகிறது?

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் ஜெபசீலி போய் நின்றாள். காத்தூன் டம்ளரை முந்தானைக்குள் மறைத்தாள். மறைத்த வேகத்தில் டீ தளும்பிக் கையில் கொட்டியது.

நோன்பு இல்லையா என்று கேட்டதற்கு, உடம்பு சரியில்லை என்றாள். காய்ச்சலா என்றால் இல்லை. வயிற்றுப்போக்கா என்றால் அதுவும் இல்லை. ஜெபசீலி கறிவேப்பிலையை மறந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்துவிட்டால் சொல்லி அனுப்புவதுதான் சுலபம் என்று அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.

"மறுபடி வந்துருச்சுடீ" என்றாள் காத்தூன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எது?"

"எதுன்னா? பொம்பளைக்கு வர்றது."

ஜெபசீலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காத்தூனுக்கு ஐம்பது தாண்டியாகிவிட்டது. மாதக் கணக்கு நின்று நாலைந்து வருஷம் ஆயிற்று என்பது ஜெபசீலிக்கும் தெரியும். கொடியில் காயும் துணியைப் பார்த்தே தெரிந்துகொண்டவள். காத்தூனின் மார்க்கத்தில் அந்த நாட்களில் பெண் தொழக்கூடாது, நோன்பும் வைக்கக்கூடாது. விட்ட தொழுகைக்குக் கணக்கில்லை. விட்ட நோன்பை மட்டும் பின்னால் ஒவ்வொன்றாக வைத்துத் தீர்க்க வேண்டும். நோன்பாளி வீட்டில் ஒளிந்து டீ குடிக்கிற வெட்கம்தான் அன்றைக்குக் காத்தூனுக்குப் பெரிதாக இருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிராதே" என்றாள்.

சொல்லக்கூடாத விஷயம் என்பதால் ஜெபசீலி பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் மட்டும் சொன்னாள். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்து பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிற கெம்பம்மாவும் அதே காரணத்துக்காக ஒருத்தரிடம் மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்க ஒருத்தரிடம் மட்டும் சொல்லியாகிவிட்டது. காத்தூனுக்கு வயசு திரும்புகிறது என்று குழாயடியில் தீர்ப்பானது. பாய் தொட்டிலுக்கு ஸ்பிரிங் தேடிக்கொண்டிருக்கிறாராம் என்று கெம்பம்மா ஒரு போடு போட்டாள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தோடு வந்த காஜா மொய்தீனை நாலு வீட்டு வாசலும் பார்த்துச் சிரித்தது. அவரும் மரியாதைக்குத் திருப்பிச் சிரித்துவிட்டுப் போனார். இரும்பைத் தட்டிப் பார்த்து எந்தக் கம்பெனிக் கழிவு என்று சொல்லக்கூடிய மனுஷன்தான். வீட்டுச் செய்தி மட்டும் அவருக்கு எப்போதும் கடைசியில்தான் போய்ச் சேரும்.

கேலியைக் காத்தூன் தப்பாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. அந்த வரிசையில் அதிகம் சிரிக்க வைத்தவளே அவள்தான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் பெங்களூரில் ஒரு கலர் பொடிக் கம்பெனியில் சாயப்பொடி சலித்தவள். அந்தக் கதையை எடுத்தால் குழாயில் தண்ணீர் நின்றதுகூடத் தெரியாது. சிவப்பு ஓடுகிற வாரம் எச்சில் சிவப்பு, பச்சை ஓடுகிற வாரம் மூக்குச்சளி பச்சை. பெருநாளைக்கு வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு போனாளாம். வேர்த்த வேர்வையில் சாயங்காலத்துக்குள் துப்பட்டி ரோஸாகிவிட்டதாம். "அட, அதை விடு. ஒண்ணுக்குப் போனாலே மஞ்சமஞ்சேள்னு கண்ணைப் பறிக்கும். இன்னைக்கு ஒனக்கு என்னா கலருன்னு ஒருத்திக்கொருத்தி கேட்டுக்குவோம்" என்பாள். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஜெபசீலி அந்தக் கதையைச் சர்ச்சுக்கு வரும் பெண்களிடமும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

கக்கூஸில் ஒரு பல்பு இருந்திருந்தால் வேறு மாதிரிப் போயிருக்குமோ என்னவோ. இருந்த பல்பு பியூஸ் போனபோது, கிருஷ்ணப்பன் போடுவதா குடியிருப்பவர்கள் போடுவதா என்று வழக்கு வந்தது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தகரக் கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. காத்தூன் பார்த்ததெல்லாம் துணியில் பட்ட கறையைத்தான். துணியில் சிவப்பைப் பார்க்கிற பெண்பிள்ளை வேறென்ன நினைப்பாள்?

பத்துப் பன்னிரண்டு நாள் வந்து, நின்றது. பெருநாள் முடிந்து மறுபடி வந்தது. அப்போதுதான் ஜெபசீலி களத்தில் இறங்கினாள். அவளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். தன் கர்ப்பப்பையைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் இருந்தவளுக்கு இது பெரிய வாய்ப்பு. தனக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாகவும், எடுத்த பிறகு மறுபிறவி எடுத்த மாதிரி இருப்பதாகவும் சொல்லி, தனக்கு வைத்தியம் செய்த லேடி டாக்டரிடமே காத்தூனைக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகளுக்குக் காத்தூன் வாய் திறப்பதற்குள் ஜெபசீலியே பதில் சொன்னாள். எவ்வளவு நாளாக, எவ்வளவு படுகிறது, நின்று எத்தனை வருஷம் என்பதெல்லாம் காத்தூனைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. நின்ற பிறகு வருவதைச் சும்மா விடக்கூடாது என்றார் டாக்டரம்மா. அது சரிதான். யூரின் டெஸ்ட்டும் எழுதினார். அதில் ரத்தம் இருந்ததாகத்தான் வந்தது. தீட்டுச் சமயத்தில் எடுத்தால் அப்படித்தான் காட்டும் என்று நர்ஸ் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆனி மாதம் ஆபரேஷன் நடந்தது. எடுத்ததை ஒரு பேசினில் வைத்து வெளியே கொண்டுவந்து காஜா மொய்தீனிடம் காட்டினார்கள். ஜெபசீலி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதுவா கெட்டுப்போனது என்று கேட்டார். அதையெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். பின்னால் அதை டெஸ்ட்டுக்கு அனுப்பியதில் ஒரு கோளாறும் இல்லை என்று வந்தது. நல்ல செய்தி என்று ஜெபசீலி வரிசை முழுக்கச் சொன்னாள். கோளாறே இல்லாததை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ரத்தமும் நின்றுவிட்டது. ஒரு மாதம், இன்னொரு மாதம், ஒன்றும் இல்லை. ஜெபசீலிக்குத் தலை கால் புரியவில்லை. உடம்புக்கு முடியாத பெண்கள் அவள் சன்னல் பக்கம் வந்து யோசனை கேட்டார்கள். தைக்கக் கொடுத்த துணி தைக்கப்படாமல் கிடந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த ஜெபசீலியின் கையைப் பிடித்துக் காத்தூன் ஓரமாக இழுத்தாள்.

"மறுபடி வருதுடீ. எடுத்துப் போட்ட எடத்துலேர்ந்து எப்புடிடீ வரும்?"

ஜெபசீலியிடம் பதில் இல்லாத கேள்வி ஒன்றை அந்த வரிசை அன்றைக்குத்தான் கண்டது. தையல் பிரிந்திருக்குமோ என்று இழுத்தாள். அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை. காத்தூனின் கவலை அதுவும் இல்லை. இது எந்த ரத்தம் என்று தெரிய வேண்டும், தெரிந்தால்தான் தொழலாமா கூடாதா என்று தெரியும் என்றாள். மறுபடி டாக்டரம்மாவிடம் போகலாம் என்று ஜெபசீலி சொன்னதற்கு, "தொழுகை விஷயம் அவங்களுக்கு என்னா தெரியும்?" என்றாள்.

அதியாவிடம் போனார்கள். இரண்டு தெரு தள்ளி, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவள் அவள். பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்கக் கூச்சப்படுகிற விஷயங்களைப் பெண்கள் அதியாவிடம்தான் கேட்பார்கள். தெரிந்த சட்டத்தை அவள் நிதானமாகச் சொல்வாள். தெரியாததைக் குரல் உயர்த்திச் சொல்வாள்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அதியா, அந்த இடத்தில் பஞ்சு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். மாதக் கணக்கு தீர்ந்ததா இல்லையா என்று பார்க்க அந்தக் காலத்திலிருந்து பெண்கள் செய்வதுதானாம். பஞ்சில் கறை பட்டால் ஒரு சட்டம், படாவிட்டால் ஒரு சட்டம். ஜெபசீலி மருந்துக்கடைக்கு ஓடிப்போய்ப் பஞ்சு வாங்கிவந்தாள்.

அதியா வீட்டில் குளியலறைக்கு ட்யூப் லைட் உண்டு, தரையில் வெள்ளைக் கல்லும் உண்டு. கதவுக்கு வெளியே இருவரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துக் காத்தூன் வெளியே வந்தாள்.

"பஞ்சு வெள்ளையாவே இருக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "ஒண்ணுக்குத்தான் செவப்பாப் போவுது."

இத்தனை மாதமாக, ஒரு டாக்டரம்மாவும் ஓர் ஆபரேஷனும் ஐந்து வீட்டு ஆராய்ச்சியும் சேர்ந்து காண முடியாததை ஒரு துளிப் பஞ்சும் ஒரு ட்யூப் லைட்டும் காட்டிவிட்டன. கையில் கிடைத்தது எது என்று மட்டும் அந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அதியாவின் முகம்தான் முதலில் மலர்ந்தது. அப்படியானால் சிக்கலே இல்லை என்றாள். ஒன்றுக்கில் வருவது மாதக் கணக்கே கிடையாது, அது சீக்கு. ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாகக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டு தாராளமாகத் தொழலாம். காத்தூன் சுவரில் சாய்ந்து அழுதாள். ஜெபசீலியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எதற்கென்று தெரியாமல்.

ஆனால் சட்டத்துக்கு இன்னொரு முனையும் இருந்தது. போன ரம்ஜானில் வந்ததும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றாள் அதியா. அப்படியானால் விட்டிருக்கவே கூடாது. அந்த நோன்புகளை மட்டுமல்ல, அந்த நாட்களின் தொழுகைகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். காத்தூன் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்ட முகம் அது.

"அது சரி, ஒண்ணுக்குல ஏன் ரத்தம் வருது?" என்று கேட்டவள் ஜெபசீலிதான். அவளுக்கு அந்தப் புண்ணியம் உண்டு.

"சூடு" என்றாள் அதியா, குரலை உயர்த்தி.

"எரியவே இல்லியேம்மா. ஒரு வலி இல்ல."

"எரியலைன்னா கொஞ்சமாச் சூடு."

காத்தூனே பேச்சை முடித்துவைத்தாள். கலர் கம்பெனியில் இருந்தபோது மஞ்சளாகப் போய்ப் போயே தனக்கு ஒன்றும் ஆகவில்லை, இது என்ன செய்துவிடப்போகிறது என்றாள்.

அன்றிலிருந்து சூட்டுக்கு வைத்தியம் நடந்தது. இளநீர் கொடுத்தார்கள், நின்றது. பிறகு வந்தது. பார்லிக் கஞ்சி கொடுத்தார்கள், நின்றது. பிறகு வந்தது. கெம்பம்மா நெருஞ்சி முள்ளை இடித்துக் கஷாயம் வைத்தாள்; அதிலும் நின்றது. தானாக வருவது தானாக நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நின்ற அன்றைக்குக் கையில் எது இருந்ததோ அதுதான் மருந்து. யார் மருந்தில் நின்றது என்று ஜெபசீலிக்கும் கெம்பம்மாவுக்கும் குழாயடியில் பெரிய சண்டையே வந்தது. காத்தூன் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு வேறு வேலை இருந்தது. மார்கழியில் பகல் குறுகல், தாகம் எடுக்காது என்று பார்த்து விட்ட நோன்புகளை வைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் பழைய பாக்கித் தொழுகை ஒன்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைச் சன்னல் பார்த்தது. கன்னம் ஒட்டிக்கொண்டுவருவதையும் பார்த்தது. நோன்பு வைத்தால் இளைக்கத்தானே செய்யும் என்று சன்னலுக்குப் பின்னால் இருந்தவள் நினைத்துக்கொண்டாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஜெபசீலி சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது காத்தூன் தகரக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வந்தவள் உடனே திரும்பி உள்ளே போனாள். மறுபடி வந்தாள், மறுபடி போனாள். கடைசியில் குழாயடிச் சிமெண்ட் மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டாள். ஜெபசீலி ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு ஓடினாள்.

ஒன்றுக்கு வரவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிறது, வரவில்லை. அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. இத்தனை மாதமாக ஒரு வலியும் இல்லை என்று சொன்னவள் அன்றைக்கு மொத்தத்துக்கும் சேர்த்துத் துடித்தாள். காஜா மொய்தீன் இரும்பு ஏற்றுகிற வேனைக் கொண்டுவந்தார். ஓசூரில் குழாய் விடப் பார்த்தார்கள். ரத்தம் கட்டி கட்டியாக அடைத்திருந்தது. பெங்களூருக்குத்தான் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. வேனின் தகரத் தரையில் பாய் விரித்துக் காத்தூன் கிடந்தாள். இரும்புத்தூள் ஒட்டிய பாய். ஜெபசீலி இறங்கிப் போய், கெம்பம்மாவோடு சண்டை போட்டுக் கற்ற கன்னடம் முழுவதையும் செக்போஸ்ட்காரர் மேல் பிரயோகித்தாள். அது சண்டைக்கான கன்னடம். கெஞ்சுவதற்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. முன்னால் நிற்கிற லாரி நகர்ந்தால்தானே உங்கள் வேன் நகரும் என்று அவர் கேட்டார். ஜெபசீலி திரும்பி வந்து காத்தூனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசப்பா ஏசப்பா என்று இவள் முணுமுணுக்க, அல்லா அல்லா என்று அவள் முனக, லாரி அசையவில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துக் குழாய் போட்ட பிறகுதான் காத்தூன் கண்ணயர்ந்தாள். இரண்டு நாள் கழித்து, விளக்கு வைத்த சின்னக் குழாய் ஒன்றை ஒன்றுக்குப் போகிற வழியாக உள்ளே விட்டு நீர்ப்பையைப் பார்த்தார்கள். கொஞ்சம் சதையும் கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். இப்படி ஒரு வழியிருப்பது ஜெபசீலிக்கு அன்றுதான் தெரியும். உள்ளேயே விளக்கை விட்டுப் பார்க்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு அந்தப் பல்பு இல்லாத கக்கூஸ்தான் ஞாபகம் வந்தது.

தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவர் காஜா மொய்தீனைக் கூப்பிட்டார். ஜெபசீலி கூப்பிடாமலே போனாள். நீர்ப்பைக்குள் பூக்கோசு மாதிரி வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். கேன்சர்தான். பையோடு நிற்காமல் சுவரைத் தாண்டி வெளியேயும் வேர் விட்டிருக்கிறது.

"முதல்ல எப்ப ரத்தம் பார்த்தாங்க?"

காஜா மொய்தீன் ஜெபசீலியைப் பார்த்தார். போன ரம்ஜான் என்றாள் அவள். பிறகு நின்றது, பிறகு ஆபரேஷன், பிறகு வந்தது, பிறகு பஞ்சு, இளநீர், பார்லி, நெருஞ்சி முள். எல்லாவற்றையும் தேதி பிசகாமல் சொன்னாள். இப்படிச் சொல்லத் தன்னைவிட்டால் ஆளில்லை என்ற பெருமை பாதி வரைக்கும் இருந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டதைப் பார்த்த பிறகு குரல் தானாக இறங்கியது.

"வலியில்லாம ரத்தம் போனா அதுதான் பெரிய எச்சரிக்கைம்மா. நின்னு நின்னுதான் வரும். நின்னா குணமாயிருச்சுன்னு நெனச்சிருவாங்க."

வலி இல்லை என்றுதானே சும்மா இருந்தோம் என்று காஜா மொய்தீன் மெதுவாகச் சொன்னார்.

பீடி, சுருட்டு, புகையிலைப் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். காத்தூன் அக்காவுக்கா என்று ஜெபசீலிக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டார். வீட்டில்தான் என்றார் காஜா மொய்தீன்.

"இங்கதான் சார், பெங்களூர்லதான் ரொம்ப வருஷம் கலர் பொடி சலிச்சாங்க" என்றாள் ஜெபசீலி. பழக்க தோஷம், அந்தக் கதையை எடுத்ததும் வாயில் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணுக்கே மஞ்சளாப் போவுமாம் சார். என்னா கலருன்னு ஒருத்திக்கொருத்தி கேட்டுக்குவாங்களாம்."

டாக்டர் சிரிக்கவில்லை. அந்தச் சாயத்தில் சில வகை இருபது வருஷம் கழித்துக்கூட இப்படிக் கொண்டுவந்து விடும் என்றார்.

"இதுக்கு முன்னாடி இதை யாருமே கேக்கலையா?"

"நாங்க எல்லாருமே கேட்டோம் சார்" என்றாள் ஜெபசீலி. "சிரிக்கறதுக்கு."

பையை எடுத்துவிடுகிற காலம் தாண்டிவிட்டது, ரேடியேஷன் கரண்ட் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பார்க்கலாம் என்ற வார்த்தையைக் காஜா மொய்தீன் வெளியே வந்ததும் தனக்குள்ளே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். காத்தூனிடம் கட்டி என்று மட்டும் சொல்வோம், பேரிகை மகளுக்கும் அப்படியே சொல்வோம் என்று ஜெபசீலியிடம் கேட்டுக்கொண்டார். "ஒன்கிட்டதான்மா சொல்ல வேண்டியிருக்கு, மத்தவங்க யாருக்கும் சொல்லாம இரு" என்றார். நல்ல மனுஷன், குத்திக்காட்டத் தெரியாதவர். அதனாலேயே அவளுக்கு அது எங்கோ ஆழமாகப் போய்க் குத்தியது.

ஓசூருக்குத் திரும்பி வந்த அன்று குழாயடியில் குடங்கள் காத்திருந்தன. என்ன சொன்னார்கள் என்று கெம்பம்மா கேட்டாள். கட்டி, கரைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஜெபசீலி தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தனக்கு மட்டும் தெரிந்த செய்தி ஒன்றை அவள் முழுசாக வீட்டுக்குள் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை. கனமாகத்தான் இருந்தது.

கரண்ட் வைத்து வைத்துக் காத்தூன் கறுத்துப்போனாள். ஒன்றுக்குப் போகக் குழாயும் பையும் இடுப்போடு வந்துவிட்டன. அதை முந்தானையால் மூடிக்கொண்டு நடப்பாள். தனக்கு என்ன என்று அவள் யாரையும் கேட்கவில்லை. பார்க்க வந்த அதியாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தக் குழாயோடு தொழலாமா? தொழலாம் என்றாள் அதியா. இயலாதவளுக்கு ஆண்டவன் இலகுவாக்கியிருக்கிறான் என்றாள். அன்றைக்கு அவள் குரல் உயரவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் நோன்பு பாக்கி இருக்கு. இந்த ரம்ஜான் வேற வருது."

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று அதியா சொன்னதைக் காத்தூன் கேட்டுக்கொண்டாள். ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ரம்ஜான் பிறந்த முதல் நாள் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்து பார்த்தாள். மத்தியானத்துக்குள் குழாய் அடைத்துக்கொண்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கவில்லையென்றால் இப்படித்தான் அடைக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஓசூரிலேயே அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் காஜா மொய்தீன் அன்று நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்த பிறகு காத்தூன் மறுபடி முயலவில்லை.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவளை ஜெபசீலி வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுச் சுவரோடு உட்காரவைத்தாள். பானைத் தண்ணீரும் டம்ளரும் கிட்டத்திலேயே இருந்தன. காத்தூன் அதைப் பார்ப்பதும், சன்னலைப் பார்ப்பதுமாக இருந்தாள். வெளியே குழாயடியில் ஆள் நடமாட்டம். நோன்பு வைத்திருக்கிற பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் துப்பட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"குடிக்கா."

"அப்புறம்டீ. எல்லாரும் பாக்கறாங்க."

ஜெபசீலி எழுந்தாள். எட்டு வருஷமாகச் சாத்தாத சன்னல். கதவு மரம் உப்பியிருந்தது, தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்துச் சாத்திவிட்டு மெஷினுக்கு விடுகிற எண்ணெயைத் தாழ்ப்பாளில் சொட்டவிட்டு அதையும் தள்ளினாள். அறை இருண்டது. மெஷின் ஊசி இருக்கிற இடம்கூடத் தெரியவில்லை.

வெளியே கெம்பம்மாவின் குரல் கேட்டது. "ஏனே ஜெபா, பட்டப்பகல்ல எதுக்குச் சன்னல் சாத்தறே?"

"தூசி" என்றாள் ஜெபசீலி.

இருட்டில் டம்ளரைத் தடவி எடுத்துக் காத்தூனின் கையில் வைத்தாள். அவள் ஒரே மூச்சில் குடிக்கிற சத்தம் கேட்டது. பானையில் டம்ளர் இடிபட இரண்டாவது டம்ளர் மொண்டாள் ஜெபசீலி.

"என்னா கலருல போவுதுன்னு பாருடீ" என்றாள் காத்தூன், பையை முந்தானையிலிருந்து விலக்கி.

ஜெபசீலி குனிந்தாள். சாத்திய சன்னலின் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதில் பார்த்தால் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலக்கா, இருட்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினாள். "இதையும் குடி."